புதுப்பிப்பு: இரண்டு ஆன்டிவைரஸ், இரண்டு ஃபயர்வால் சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. விண்டோஸ் 10-இல் இரண்டு ஆன்டிவைரஸும், விண்டோஸ் ஃபயர்வாலோடு (இணையப் போக்குவரத்தைக் கண்காணித்துத் தடுக்கும் மென்பொருள்) இன்னொரு ஃபயர்வாலும் ஓடி, எந்த ஃபைலைத் திறந்தாலும் கணினி திணறுகிறது என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் முறை) ஆன்டிவைரஸ் தயாரிப்பாளரின் ரிமூவல் டூலை (முழுதாக நீக்கும் கருவி) ஓட்டச் சொன்ன யோசனைதான். கன்ட்ரோல் பேனலில் ஆன்டிவைரஸ்களை நீக்கியபோது அவற்றின் டிரைவர்கள் (விண்டோஸுக்குள் ஆழமாக ஓடும் பகுதிகள்) தங்கிவிட்டன. ஒரே ஃபைலை இரண்டு டிரைவர்களும் இடைமறித்துச் சோதித்ததே தாமதத்துக்குக் காரணம். இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் தானாகவே இயங்கத் தொடங்கியது.

எதிர்பாராதது: கூடுதல் ஃபயர்வாலை நீக்கியதும் இணையம் போய்விட்டது! நெட்வொர்க் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் அந்த ஃபயர்வாலின் ஃபில்டர் (போக்குவரத்தைச் சோதிக்கும் பகுதி) அப்படியே இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் கொடுத்தபின் இணைப்பு வந்தது. விண்டோஸ் ஃபயர்வால் ப்ரைவேட் (வீட்டு நெட்வொர்க்), பப்ளிக் (பொது இட நெட்வொர்க்) இரண்டிலும் இயங்குகிறதா என்று பாருங்கள். எனக்கு பப்ளிக்கில் அது அணைந்தே கிடந்தது.