25 கி.மீ.க்கு ஒன்று, சரி... எந்தப் பக்கம்?

அரளிச்செடி: "நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒரு மின்கார் சார்ஜிங் நிலையம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2019லேயே சொல்லிவிட்டது, இனி என்ன பயம்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். அந்த 2019 விதியில் 'இருபுறமும்' என்று இருந்ததே, அது கண்ணில் படவில்லையா? போன மாதம் திருச்சிக்குப் போகும்போது உளுந்தூர்பேட்டை தாண்டி பேட்டரியில் 14 சதவீதம்தான். செயலி காட்டிய நிலையம் எதிர்ப்பக்கம். நடுவில் தடுப்பு, அதில் அரளி பூத்துக் குலுங்குகிறது, அந்தப் பக்கம் பச்சை விளக்கு எரிகிறது, இந்தப் பக்கம் நான். 6 கி.மீ. போய்த் திரும்பி வந்தால் இரண்டு சார்ஜிங் கன்னில் (காரில் செருகும் முனை) ஒன்று வேலை செய்யவில்லை.

வோல்ட்டு வாத்தியார்: அந்த மேதாவி நான்தான். இருபுறமும் சேர்த்துத்தான் 25 கி.மீ.க்கு ஒன்று. யூ-டர்ன் போட சோம்பல் என்றால் பேருந்தில் போகலாமே.

அரளிச்செடி: சேர்த்து என்று எங்கே இருக்கிறது? வரியைக் காட்டுங்கள்.

நடுத்தெரு நாகராஜன்: 25ஐ விடுங்கப்பா. 60 கிலோவாட் சார்ஜிங் இயந்திரத்தில் இரண்டு கார் செருகினால் பெரும்பாலும் ஆளுக்கு 30 கிலோவாட்தான். தீபாவளிக்கு முதல் நாள் பத்து கார் வரிசையில் நின்றால் எந்தப் பக்கம் இருந்து என்ன பயன்? டிரான்ஸ்பார்மர் திறனைப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அல்ல.

அரளிச்செடி: ஒரு பக்கமா இரண்டு பக்கமா? அதற்கு முதலில் பதில்.

டீசல் மாமா: ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரப்பி முறுக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீங்கள் பேசுங்கள்.

வோல்ட்டு வாத்தியார்: மாமா, உங்கள் புகையைப் பற்றித் தனித் திரி போடுகிறேன். அரளி, நகரத்தில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று என்றும் அதே 2019 விதி சொன்னது. அங்கேயும் தெருவுக்கு இரண்டு பக்கமும் கேட்பீர்களா?

அரளிச்செடி: நகரத்துத் தெருவில் குறுக்கே போகலாம், நான்கு வழிச்சாலையில் போக முடியுமா? இன்வெர்ட்டர் திரியிலும் இப்படித்தான், மாட்டிக்கொண்டால் வேறு தெருவுக்கு ஓடுவீர்கள்.

வோல்ட்டு வாத்தியார்: இன்வெர்ட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அமிலப் பேட்டரியில் குழாய்த் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நடுத்தெரு நாகராஜன்: டிரான்ஸ்பார்மர்...

அரளிச்செடி: நாகராஜன், குறுக்கே வராதீர்கள். வாத்தியாரே, அந்த வரி எங்கே? இருபுறமும். இரு. புறமும்.