கோவில் ஹாலில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு: 22 பிள்ளைகள் 7 ஆகிவிட்டார்கள், எதை மாற்றுவது?

சாட்ஸ்வர்த்_மதுரை:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம், ஒன்பது வருஷமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை. சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோவில் ஹாலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். 12 முதல் 16 வயது வரை. கைக்காசு போட்டுப் பத்து ஆர்டுயினோ கிட் (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டும் வயர், விளக்குகளும் உள்ள பெட்டி) வாங்கினேன். முதல் வாரம் 22 பேர் வந்தார்கள், ஹாலில் உட்கார இடமில்லை. ஐந்தாவது வாரம் 7 பேர்.

என்ன நடக்கிறது என்றால், நான் திரையில் படம் காட்டுகிறேன், அதைப் பார்த்து வயரைச் செருகுகிறார்கள், எல்.இ.டி. மினுக்குகிறது, கைத்தட்டல். நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்து "அடுத்து என்ன, அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பையன்தான் எல்லா வேலையும் செய்கிறான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வராமல் நின்றுபோன ஒரு பெண் பிள்ளை தன் அம்மாவிடம் "எனக்கு அங்கே வேலை இல்லை" என்று சொன்னதாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

கிட்டை மாற்றுவதா, வயசு வாரியாகப் பிரிப்பதா? சோல்டரிங் (சூடான அயர்னால் உலோகத்தை உருக்கி வயரை ஒட்டுவது) எந்த வயசில் ஆரம்பிக்கலாம்? இப்படி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

லெனாசியா_அக்கா:

தம்பி, கிட்டில் குறை ஒன்றும் இல்லை, அதை அப்புறமாக எடுங்கள். எல்.இ.டி. மினுக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை, அந்தப் பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை. வேறொருவர் யோசித்து முடித்த வேலையை வயர் வயராக நகல் எடுக்கச் சொன்னால் புத்திசாலிப் பிள்ளைதான் முதலில் எழுந்து போகும்.

நானும் முதல் வருஷம் இதையேதான் செய்தேன், ஒரு பள்ளியில். அங்கே கிட் தொலைந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வேறு வைத்தார்கள், பாதி நேரம் சாவி தேடுவதிலேயே போனது. இரண்டாம் வருஷம் எங்கள் கோவிலில் தைப்பூசத்துக்கு முன்னால் விடுமுறை நாட்களில் நடத்தினோம். பிள்ளைகளிடம் "என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது ஒரு பையன் அட்டையில் சின்னத் தேர் செய்து விளக்குப் போடலாம் என்றான். சரி என்றேன். அந்தத் தேர் ஐந்து வாரம் எங்களை இழுத்துக்கொண்டு போனது.

நாலு எல்.இ.டி., ஒவ்வொன்றுக்கும் கரண்டைக் குறைக்க ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பவர் பேங்க். விளக்கு எரிந்தது, அரை நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி பட்டனை அழுத்தினால் எரியும், மறுபடி அணையும். வயர் லூஸ் என்று சிலர், பவர் பேங்க் பழுது என்று சிலர். எனக்குக் காரணம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை மட்டும் மேஜையில் வைத்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒன்று கரண்ட் எவ்வளவு என்று அளந்து பார்த்தது: மொத்தமே 54 மில்லி ஆம்பியர். (கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு 2 போக மீதி 3, அதை 220ஆல் வகுத்தால் ஒரு விளக்குக்குக் கிட்டத்தட்ட 13.6.) பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுத்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாக நின்றுவிடும். பிள்ளைகள் இன்னும் நாலு விளக்கைச் சேர்த்தார்கள், நிற்காமல் எரிந்தது! அன்றைக்கு ஹாலில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பவர் பேங்கின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே போட்டு, கரண்டைக் கூட்டியும் சமாளிக்கலாம், ஆனால் அது அரை வாட்டுக்கு மேல் சூடாகும், 1 வாட் ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள்.

பிள்ளைகள் கணினியைக் கையாள லோகோ என்ற நிரல் மொழி 1967இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் நம் பிரிட்டோரியாவில் 1928இல் பிறந்தவர். தனக்கு வேண்டிய ஒரு பொருளைக் கையால் கட்டும்போதுதான் பிள்ளை நன்றாகக் கற்கும் என்று காலமெல்லாம் சொன்ன மனுஷர் அவர். இதை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் "நம்ம நாட்டு ஆளா?" என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வயசு வாரியாகப் பிரிக்க வேண்டாம். மேஜைக்கு இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் இருந்தால் வேடிக்கைதான் பார்ப்பார். ஸ்க்ரூடிரைவர் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

பழைய_வயர்மேன்_ஃபீனிக்ஸ்:

நாற்பது வருஷம் வயரிங் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அக்கா சொன்னது சரி. நான் சொல்ல வருவது ஆபத்தைப் பற்றி.

தம்பி, பழைய சாமான்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் எதைத் திறக்கக்கூடாது என்பதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஹால் வாசலையே தாண்டக்கூடாது. அதற்குள் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். பழைய பெட்டி டி.வி.யும் அப்படித்தான். கம்ப்யூட்டரைக் கழற்றலாம், உள்ளே இருக்கும் பவர் சப்ளை டப்பாவை மட்டும் கழற்றக்கூடாது. நம் 230 வோல்ட் லைனுக்கு அதன் கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை தேங்கி நிற்கும். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நம் டி.பி. போர்டில் (வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டியில்) இருப்பது 30 மில்லி ஆம்பியர் பூமிக்குக் கசிந்தால்தான் விழும், ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவனை அது காப்பாற்றாது, கெப்பாசிட்டரில் தேங்கியதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் டெஸ்ட் பட்டனை ஒரு பிள்ளையை விட்டு அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டிலும் போய்ச் செய்யும்.

அப்படியானால் எதைத் திறப்பது? 2022, 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்ட் நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வீடு சார்ஜ் லைட் வாங்கினோம். கரண்ட் ஓரளவு நிலைத்ததும் எல்லாம் அலமாரியில் செத்துக் கிடக்கிறது. கையில் தூக்கும் பெரிய லைட்டில் பல வகைக்குள் 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட் காட்டும். சார்ஜ் இல்லாமல் மாசக்கணக்கில் கிடந்ததால் தகடு சல்ஃபேட் ஏறிப் போயிருக்கும். பேட்டரியை மாற்றினால் லைட் உயிர் பெறும். சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டுத் திறக்கட்டும், கரண்ட் நேரே உள்ளே போகிற வகை என்றால் நீங்களே திறந்து கொடுங்கள். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயா கையில் கொடுக்கும், அடுத்த வாரம் அந்த ஆயாவே இன்னொரு சாமானைக் கொடுத்து அனுப்புவார். லித்தியம் செல் இருந்தால் மட்டும் பெரியவர்கள் எடுங்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், நேரடியாகச் சோல்டர் வைக்கவும் கூடாது. செத்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், மின்னணுக் கழிவையும் லித்தியம் பேட்டரியையும் குப்பைமேட்டில் கொட்ட 2021 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் தடை.

சோல்டரிங் பன்னிரண்டு வயசிலேயே செய்யலாம். ஒரு அயர்னுக்கு ஒரு பெரியவர் பக்கத்தில், கண்ணாடி கண்ணில், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈயம் கலந்த சோல்டர் என்றால் கை கழுவாமல் யாரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது. எழும்புகிற புகை, சோல்டர் நன்றாக ஒட்டச் சேர்க்கும் ஃப்ளக்ஸின் புகை, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆகாது. யாருக்கு ஆஸ்துமா என்று பெற்றோரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_பொண்ணு:

அண்ணா, நான் இப்படி ஒரு வகுப்பில் பதின்மூன்று வயசில் சேர்ந்தவள், இப்போது எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். அந்தப் பிள்ளை சொன்ன "எனக்கு அங்கே வேலை இல்லை" என்பதை நானும் சொல்லியிருக்கிறேன். பையன்கள் கெட்டவர்கள் என்று இல்லை, வீட்டில் அப்பாவோடு ஏற்கனவே ஸ்க்ரூ கழற்றியவர்கள், கை தானாக முன்னால் போகும். எனக்கு மாறியது எப்போது என்றால், டீச்சர் எனக்கென்று ஒரு டப்பா கொடுத்தார், அதில் என் பெயர், என் மீட்டர், என் பாதி முடிந்த வேலை. அடுத்த வாரம் வந்தால் அது அங்கேயே இருக்கும். பாதி முடிந்த வேலை கிடந்ததால்தான் திரும்பிப் போனேன். நீங்கள் ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் கழற்றிக் கிட்டில் திருப்பி வைக்கிறீர்களா?

இன்னொன்று. தமிழ் வகுப்பு முடிந்து வருகிற பிள்ளைகள்தானே? ரெசிஸ்டரைத் தமிழில் மின்தடையம் என்று சொல்வார்கள், கெப்பாசிட்டர் மின்தேக்கி. தண்ணீர் தேங்குகிற மாதிரி மின்சாரம் தேங்குகிறது என்று எனக்குப் புரிந்தது அந்தத் தமிழ்ச் சொல்லால்தான், இங்கிலீஷ் பெயர் வெறும் பெயராக இருந்தது. மேலே ஐயா சொன்ன 320 வோல்ட் ஏன் நிற்கிறது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

போட்டோ போடுவதற்கு முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உதவிக்கு வரும் பெரியவர்களின் பெயர் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில்) இல்லை என்று சரிபார்த்துக்கொள்ளவும். தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள்.

சாட்ஸ்வர்த்_மதுரை:

அக்கா, ஐயா, தங்கச்சி, மூவருக்கும் நன்றி. ஆமாம், ஒவ்வொரு வாரமும் நான்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி எண்ணி அடுக்குகிறேன். அது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இன்றைக்கு ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருபத்திரண்டு கழுவிக் காய வைத்திருக்கிறேன், வராதவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். அவர்கள் வீட்டிலேயே இரண்டு சார்ஜ் லைட் செத்துக் கிடக்கிறதாம், சனிக்கிழமை அவளே கொண்டுவருகிறேன் என்றாளாம். ஐயா, ஃபீனிக்ஸிலிருந்து எங்கள் கோவில் ரொம்பத் தூரம் இல்லை. பதிவேட்டுச் சரிபார்ப்புக்கு என்னோடு சேர்த்து உங்களுக்கும் விண்ணப்பம் போடலாமா? அது வந்ததும் ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கு வர முடியுமா?

பழைய_வயர்மேன்_ஃபீனிக்ஸ்:

விண்ணப்பத்தை அனுப்புங்கள், இன்றைக்கே எழுதிவிடுகிறேன். வரும்போது இரண்டு மீட்டர் கொண்டுவருகிறேன். 6 வோல்ட் பேட்டரியை மட்டும் முன்னாலேயே வாங்காதீர்கள், டெர்மினல் அளவு லைட்டுக்கு லைட் மாறும், திறந்து பார்த்த பிறகு வாங்கலாம்.