லினக்ஸ் போனைத் தினசரி போனாக வைத்திருப்பவர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அச்சுக்கூடம், தருமபுரி:

பதினான்கு மாதமாக என் சட்டைப் பையில் இருப்பது லினக்ஸ் போன். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸின் கருவான கெர்னல்தான், அது தெரியும். நான் சொல்வது வேறு. கடைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மாதிரியே, கட்டளை தட்டும் முனையம், மென்பொருள் பொதிகள் எல்லாம் சேர்ந்து, கூகுள் சேவைகள் ஏதுமில்லாமல் போனில் ஓடுவதைச் சொல்கிறேன்.

எனக்கு டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ். கடையில் பல வருடமாக லினக்ஸ்தான். மச்சான் வைத்திருந்த ஒன்பிளஸ் 6 பின்கண்ணாடி உடைந்து டிராயரில் கிடந்தது. 2018 மாடல். ஆண்ட்ராய்டு 11 வரை வந்து அதோடு நின்றுவிட்டது. ஆனால் உள்ளே எட்டு ஜிபி ராம். என் கடையில் இன்றும் பத்திரிகை வடிவமைக்கும் கணினியில் இருப்பது நாலு ஜிபி! அதை நினைத்தால் தூக்கிப் போட மனம் வரவில்லை. பேட்டரியை மாற்றி, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். 2017இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு போன் பத்து வருடமாவது உழைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அடித்தளம் ஆல்பைன் லினக்ஸ், மேலே ஃபாஷ் என்கிற முகப்பு. போடுவதற்கு ஒரு ஞாயிறு மதியம் போதுமாக இருந்தது. வேறு இயங்குதளம் போட, போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், மச்சானின் பழைய படங்களை மட்டும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போட்டதைவிட வைத்துப் புழங்கியதுதான் பெரிய கதை.

முதல் பாடம் சிம். என்னிடம் இருந்தது 2ஜி, 3ஜி இல்லாத நிறுவனத்தின் சிம். நெட் பறந்தது, எஸ்எம்எஸ் வந்தது, அழைப்பு மட்டும் வரவே இல்லை. 4ஜியில் குரல் போக வோல்ட்டிஇ வேண்டும். அதற்கான மென்பொருளை ஆண்ட்ராய்டில் சிப் தயாரிப்பாளரும் போன் கம்பெனியும் மூடிய பெட்டியாகச் சேர்த்துத் தருகிறார்கள். லினக்ஸில் அதை யாராவது முதலிலிருந்து எழுத வேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் இருந்துவிட்டேன். அந்த இரண்டு நாளில் காரிமங்கலத்துப் பெண் வீட்டார் முகூர்த்த நேரம் மாறிவிட்டதைச் சொல்ல நாலைந்து முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பழைய நேரத்தோடு ஐந்நூறு பத்திரிகை அடித்து முடித்துவிட்டேன். என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

மறுநாளே எண்ணை 2ஜி இன்னும் ஓடும் நெட்வொர்க்குக்கு மாற்றக் கொடுத்தேன். இப்போது அழைப்பு வந்தால் போன் 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறங்கிப் பேசும், பேசி முடித்ததும் ஏறிக்கொள்ளும். பேசும்போது நெட் நின்றுவிடும். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் காட்டு வழியில் நெட் போனாலும் பேச முடிகிறது. யாராவது லினக்ஸ் போன் வேண்டும் என்று கேட்டால் எந்த மாடல் என்று கேட்பதற்கு முன் எந்த சிம் என்றுதான் கேட்பேன்.

அடுத்தது தமிழ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு நாள் முழுக்கத் தமிழ் தட்டுகிற வேலை. நான் போட்டபோது இருந்த திரைவிசைப்பலகை ஸ்குவீக்போர்டு. அதன் அமைப்பு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த வரிசையில் எந்த எழுத்து என்று வரிவரியாக எழுதி, உரிய அடைவில் போட்டால் அதுதான் உங்கள் விசைப்பலகை. நான் கடையில் பழகியது தமிழ்99. அதில் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலு தட்டு போதும், ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இந்தக் கோப்பில் அப்படிப்பட்ட புத்திசாலித்தனத்துக்கு இடமில்லை, தட்டின எழுத்து அப்படியே விழும். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். உயிர்மெய்க்கு வேண்டிய க, ங, ச என்கிற அகர எழுத்துகள் பதினெட்டு. கால், கொம்பு, சுழி என்று உயிர்க்குறிகள் பதினொன்று. புள்ளி ஒன்று. மொத்தம் முப்பது. வரிசைக்குப் பத்து வீதம் மூன்று வரிசை, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும், அதனால் பன்னிரண்டையும் ஆய்தத்தையும் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளையும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினேன். அம்மாவுக்குப் பக்கம் மாற்றவும் புள்ளி வைக்கவும் கூடுதல் தட்டு, அவ்வளவுதான். இந்தப் பதிவு முழுவதும் அதில் அடித்ததுதான்.

பணம் அனுப்புவது *99# வழியாக, நெட் இல்லாமல் எண்களைத் தட்டியே வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் சேவை அது. ஒரு தடவை அனுப்பும் தொகைக்கு ஐயாயிரம் ரூபாய் வரம்பு உண்டு. கியூஆர் அட்டையைப் படிக்க வழியில்லை, எதிரில் இருப்பவரின் எண்ணைக் கேட்டுத் தட்ட வேண்டும். பேருந்து நிலையத்தில் டீக்கடை அக்காவிடம் முதல் தடவை இப்படிக் கொடுத்தபோது, 1 அழுத்தி, எண் போட்டு, தொகை போட்டு, பின் போடுவதற்குள் இணைப்பு அறுந்து முதலிலிருந்து தொடங்கினேன். "சில்லறை இருந்தா குடுத்துட்டுப் போப்பா, ஆறிப் போவுது" என்றார். அன்றிலிருந்து டீக்குச் சில்லறை, பேப்பர் கடை பாக்கிக்கு *99# என்று பிரித்துக்கொண்டேன்.

கேமரா நான் போட்டபோது வேலை செய்யவில்லை. போன் உறக்கத்துக்குப் போய்விட்டால் அலாரம் அடிக்காது, அதற்கு மேசைக் கடிகாரம் இருக்கிறது. உறங்க விடாமல் வைத்தால் மதியம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப் கடையில் இருக்கும் பழைய டேப்லெட்டில் தனியாக ஓடுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கடையில் வடிவமைத்த பத்திரிகை, கோப்புகளைக் கணினிக்கும் போனுக்கும் தானாகப் பகிரும் சிங்க்திங் வழியாக நான் கதவைப் பூட்டுவதற்குள் போனில் இருக்கிறது. நான் பயன்படுத்தும் அதே எழுத்துருக்களைப் போனிலும் போட்டிருக்கிறேன். வீட்டுக்கே போய், பாட்டியம்மா கையில் போனைக் கொடுத்து, தாய்மாமன் பேர் சரியா என்று பார்க்கச் சொல்ல முடிகிறது. தப்பு இருந்தால் அங்கேயே இங்க்ஸ்கேப் என்கிற வடிவமைப்பு மென்பொருளில் திறந்து ஒரு எழுத்தைத் திருத்திவிடுவேன். சின்னத் திரையில் அது சிரமம்தான், ஆனால் முடிகிறது.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட் பேருந்து, ஓசூர்:

அண்ணா, நான் உபுண்டு டச் என்கிற இன்னொரு லினக்ஸை வைத்திருந்தேன். ஏழு மாதம். ரெட்மி நோட் 7இல் யூபிபோர்ட்ஸ் நிறுவியை வைத்துப் போட்டது. உபுண்டுவை உருவாக்கும் கேனானிகல் நிறுவனம் 2013இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் கைவிட்ட திட்டத்தை யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்து வருகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை. இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் செயலிகள் வரிசையாக வந்து நிற்கும். ஆண்ட்ராய்டுக்குத் திரும்பிய பிறகும் என் விரல் அந்த ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

நான் விட்டதற்குக் காரணம் போன் அல்ல. பையன் படிக்கும் பள்ளியில் வீட்டுப்பாடம், லீவு, கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரு செயலி. வேட்ராய்டு என்று ஒரு வழி இருக்கிறது, லினக்ஸுக்குள் ஒரு பெட்டி மாதிரி ஆண்ட்ராய்டை ஓட்டும். அதில் வாட்ஸ்அப் வந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் செய்தி வரும், ஓடினால் பேட்டரி கரையும். பள்ளிச் செயலி திறந்த உடனே மூடிக்கொண்டது. வங்கிச் செயலியும் அப்படித்தான், கருவியைச் சோதித்துவிட்டு உள்ளே விட மறுத்தது. ஒருநாள் மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டது தெரியாமல் பையனைக் கூட்டிக்கொண்டு நனைந்தபடி வாசல் வரை போய்த் திரும்பினோம். வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது சிம் ஆண்ட்ராய்டில். உபுண்டு டச் போன் சிம் இல்லாமல் பையில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிப் பக்கம் போகும்போது பியூர் மேப்ஸ் திறப்பேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருப்பதால் டவர் இல்லாத காட்டுப் பாதையிலும் வழி தெரியும். எங்கள் ஊர்க் கிணற்றுப் பாதையை அந்த வரைபடத்தில் சேர்த்ததும் நான்தான்.

ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பை உலாவியில் இணைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், முதன்மைப் போனை 14 நாளைக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரவுண்டானா மொபைல்ஸ், கிருஷ்ணகிரி:

நீங்கள் இரண்டு பேரும் புதிதாகச் செய்வது போல எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் இதெல்லாம் பெட்டியோடு விற்றிருக்கிறோம். 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், உள்ளே ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ், விலை 1,999 ரூபாய். 2015 ஜனவரியில் டைசன் ஓடும் சாம்சங் இசட்1, 5,700 ரூபாய். 2016 ஜூலையில் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ், உள்ளே பின்லாந்து ஜொல்லாவின் செயில்ஃபிஷ், 5,499 ரூபாய். மூன்றும் லினக்ஸ்தான், எதுவும் ஆண்ட்ராய்டு இல்லை.

அக்வா ஃபிஷை நானே ஒரு வருடம் வைத்திருந்தேன். முன்பக்கப் பொத்தான் எதுவுமில்லாமல் வெறும் விரல் இழுப்பிலேயே எல்லாம் நடக்கும். அப்போது ஆண்ட்ராய்டில் அப்படிப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் ஆசையாக இழுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "வாட்ஸ்அப் வருமாண்ணா?" மாம்பழ சீசனில் கூழ் ஆலை வேலைக்கு வருபவர்கள், காவேரிப்பட்டணம் மண்டிக்காரர்கள், எல்லாருக்கும் அது ஒன்றுதான் கேள்வி. பதிலை யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தால் வியாபாரம் நடக்காது.

பிறகு 2017இல் ஜியோபோன் வந்தது. அதில் ஓடும் கைஓஎஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து பிறந்தது. 2018 செப்டம்பரில் அதற்கு வாட்ஸ்அப் வந்த பிறகு என் கடையில் கேட்டவர்கள் எத்தனை பேர்! போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு ஓட்டி வரும் பெரியவர் இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறார். அதனால் நம் பக்கம் லினக்ஸ் போன் நடக்காது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கம்பெனி பின்னால் நின்று நாலு செயலியைக் கொண்டுவந்தால் நடக்கும்.

முதலாம் ஆண்டு, பாலக்கோடு:

அண்ணன்களே, என்னிடம் போக்கோ எஃப்1. அதற்கும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போட்டேன். போன் அதிர்ந்தது, திரை கறுப்பாகவே நின்றது. அப்பா தக்காளி மண்டிக்கு லோடு போட்டு மிச்சம் பிடித்த காசில் வாங்கிக் கொடுத்த போன், எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த மாடலில் தியான்மா, ஈபிபிஜி என்று இரண்டு விதத் திரை உண்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. ரெக்கவரி என்கிற மீட்புத் திரையில் ஏற்றி, தொடங்கும்போது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியைப் பார்த்தால் எந்தத் திரை என்று எழுதியிருக்கும். சரியான கோப்பைப் போட்டதும் எரிந்தது. கல்லூரியில் நிரல் எழுதப் பழக இதுவே போதும், மடிக்கணினி இன்னும் வாங்கவில்லை. சிம் போடலாமா என்பதுதான் என் சந்தேகம்.

அச்சுக்கூடம், தருமபுரி:

தம்பி, சிம் போடாதே. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறவர், அவர் கூப்பிட்டால் அந்த அழைப்பு உனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். ஒரு பட்டன் போனில் சிம்மைப் போட்டுக்கொள், எஃப்1ஐ வைஃபையில் வைத்துப் படி. ஒரு புளூடூத் விசைப்பலகை கிடைத்தால் மடிக்கணினி வரும் வரை தாங்கும்.

ரவுண்டானா அண்ணா, அந்த அக்வா ஃபிஷ் இன்னும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் கிருஷ்ணகிரிக்குப் பத்திரிகை கொடுக்க வருகிறேன், ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஓசூர்த் தம்பி, உங்கள் ஊர்க் கிணற்றுப் பாதை என்று படித்ததும் நானும் எங்கள் தெருவைத் தேடிப் பார்த்தேன். இல்லை. இன்றைக்கு ராத்திரி சேர்க்கிறேன். விசைப்பலகைக் கோப்பு வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்ட மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். ஔகாரக் குறி மூன்றாம் வரிசைக் கடைசியில் இருக்கிறது, அந்த இடத்தில் வேறு ஏதாவது வேண்டுமென்றால் ஒரே ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தால் போதும்.