செருப்பை அழிக்க ஓவியருக்கு உரிமை உண்டா?

வட்டக்கச்சியான்:
2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் என் பெரியம்மாவும் இருந்தார். மகனின் படத்தை மடியில் வைத்தபடி அவர் இருந்ததை ஓர் இளம் ஓவியர் வரைந்து, படம் கொழும்பில் விற்றும் போயிற்று. கைபேசியில் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நான் எப்போது செருப்பில்லாமல் வீதிக்கு வந்தேன்?" என்று கேட்டார். அவர் போட்டிருந்த நீல ரப்பர் செருப்பைக் காணவில்லை. வெறுங்கால், அதில் பித்தவெடிப்பு வேறு. கேட்காமல் வரைந்ததையாவது பொறுக்கலாம். இல்லாத வறுமையை அவர் காலில் பூசியதற்கு யார் பொறுப்பு?

கனகராயன்:
பெரியம்மாவின் மனம் நொந்தது விளங்குகிறது. ஆனால் ஓவியம் அடையாள அட்டைப் படம் அன்று. அவர் வழியாக எல்லாத் தாய்மாரையும் வரைந்திருக்கிறார். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிறவர்கள் கண்ணகியிடம் ஒப்புதல் வாங்கியா ஆடுகிறார்கள்? அப்படிப் பார்த்தால் 2009 மே மாதத்தைப் பற்றி யாரும் ஒரு கோடுகூட இழுக்க முடியாது.

வட்டக்கச்சியான்:
கண்ணகி வற்றாப்பளையில் தெய்வமாக இருக்கிறாள். பெரியம்மா நாளைக்குச் சங்கக்கடைக்குப் போக வேண்டும், அண்ணா.

பாலைப்பழம்:
1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பிடுங்கும் கூலிகளின் முகாமில், டொரோதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. செய்தி பத்திரிகையில் வந்ததும் அரசு 20,000 இறாத்தல் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. அவர் புளோரன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது 1978இல்தான். அந்தப் படத்தால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று கசந்து சொன்னார். காரின் டயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லாங்கே எழுதியதைத் தாம்சனின் மகனே மறுத்தார். அங்கே டயர், இங்கே செருப்பு.

கனகராயன்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! 1983இல் அவர் நோயில் விழுந்தபோது, அந்தப் படத்தில் இருப்பவர் என்பதற்காகவே 35,000 டொலர் அளவில் நன்கொடை சேர்ந்தது. முகாமில் பசித்துக் கிடந்த மற்றவர்களுக்கும் உணவு போனது. லாங்கே பெயர் விசாரித்துக்கொண்டு நின்றிருந்தால்?

வட்டக்கச்சியான்:
பெயர் கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? டயர்க் கதை இல்லாவிட்டாலும் உணவு வந்திருக்கும். செருப்போடு வரைந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கனகராயன்:
குறைந்திருக்கும். நானும் தூரிகை பிடிப்பவன். அடியில் பளிச்சென்று நீலம் கிடந்தால் கண் அங்கேதான் போகும். மடியில் இருக்கும் படத்துக்கு ஏறாது. பரிதாபத்துக்காகத்தான் அழித்தார் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

பாலைப்பழம்:
சரி, செருப்பு நிறத்துக்காகப் போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பித்தவெடிப்பு எதற்காக வந்தது?

கனகராயன்:
அதை ஓவியரிடம் கேளுங்கள். விற்ற படத்தைத் திருத்தச் சொல்ல மட்டும் யாருக்கும் உரிமை இல்லை. வேண்டுமானால் பெரியம்மாவை முன்னால் இருத்தி இன்னொன்று வரையட்டும்.

வட்டக்கச்சியான்:
கேட்டுப் பார்த்தேன். தம்மை வரையவே வேண்டாமாம். மடியில் இருக்கும் மகனின் முகத்தை ஓவியர் மங்கலாகத் தீற்றி விட்டிருக்கிறார். அதைச் சரியாக வரையச் சொல்கிறார்.