வழக்கறிஞர் பணியிலிருந்து மருத்துவ அறவியல் ஆய்வுக்குச் செல்லலாமா?

பொங்கோல் வாசகி: மூன்றாண்டுகளாக வழக்கறிஞராகப் பணிபுரியும் என் மகள், அதை விட்டுவிட்டு, மருத்துவ அறவியலும் சுகாதாரக் கொள்கையும் கலந்த ஆய்வுத் துறைக்குச் செல்ல விரும்புகிறாள். சிங்கப்பூரில் அதற்கு இடமிருக்கிறதா, அல்லது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடுமா?

சட்ட விரிவுரையாளர்: இடமிருக்கிறது, அம்மா. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர்மருத்துவ அறவியல் நிலையம் 2006 முதல் இயங்குகிறது. சட்டம், மருத்துவ அறவியல், சுகாதாரக் கொள்கை ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் இடத்திற்கு உறுப்பு மாற்றுச் சட்டமே தக்க சான்று: உயிரோடிருக்கையில் மறுப்புத் தெரிவிக்காதவரின் உறுப்புகளை இறந்தபின் எடுக்கலாம் என்று 1987இல் வந்த அச்சட்டம், முதலில் விபத்தில் இறந்தோரின் சிறுநீரகங்களுக்கு மட்டுமே பொருந்தி, 2004இல் கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவற்றுக்கும் விரிந்து, 2008இல் முஸ்லிம்களையும் உள்ளடக்கியது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அறமாகுமா என்ற வினாவுக்குச் சட்டப் புத்தகத்தில் மட்டும் விடை கிடைக்காது.

ஓய்வுபெற்ற தாதி: நீதிமன்ற அனுபவம் வீணாகாது. மருத்துவர் நோயாளிக்கு எவ்வளவு விளக்க வேண்டும் என்பது குறித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அளித்த தீர்ப்பு, மருத்துவர்கள் தற்காப்புக்காகவே தேவைக்கு மேல் விளக்கத் தொடங்குவார்கள் என்ற கவலையை எழுப்பியதால், நாடாளுமன்றம் 2020இல் குடிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. வார்டில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: தங்கள் மகள் சில மாதங்களாவது மருத்துவமனை அறவியல் குழுவின் பணியை அருகிலிருந்து பார்க்கட்டும்.

பொங்கோல் வாசகி: இருவருக்கும் நன்றி. சம்பளம் குறையுமே என்று அவள் தந்தை இன்னும் முணுமுணுக்கிறார்.