காகிதக் கூழில் 3டி பிரிண்டிங்: நாசில் அடைத்துக்கொள்கிறது

கேள்வி:
பழைய செய்தித்தாளை அரைத்து மைதாப் பசை சேர்த்து, களிமண் பிரிண்டரில் 3 மி.மீ. நாசில் (கூழ் வெளிவரும் முனை) வழியே தள்ளுகிறேன். முதலில் தண்ணீர் மட்டும் வடிகிறது, அப்புறம் அடைத்துக்கொள்கிறது. தப்பி வந்த கிண்ணமும் காய்ந்ததும் அடி வளைகிறது. கோளாறு எதில், கலவையிலா மெஷினிலா?

பதில் 1:
கலவையில்தான். அழுத்தம் ஏறும்போது தண்ணீர் நாரை விட்டுப் பிரிந்து ஓடுகிறது, மிஞ்சிய நார் தக்கை மாதிரி இறுகுகிறது. தண்ணீரே கெட்டியாக இருந்தால் பிரியாது. 100 கிராம் காகிதம், 400 மி.லி. தண்ணீர், 10 கிராம் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி), 50 கிராம் சாக்குத்தூள் (கால்சியம் கார்பனேட் பொடி) என்று தொடங்குங்கள். சி.எம்.சி.யைச் சாக்குத்தூளோடு உலர்வாகக் கலந்த பிறகே கூழில் தூவுங்கள். தனியாகப் போட்டால் வெளியே வழவழப்பு, உள்ளே மாவு என்று கட்டி விழும். ஓர் இரவு ஊறட்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் கூழ் பிதுங்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

பதில் 2:
நாசில் 5 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். அட்டைப்பெட்டிக் காகிதம் வேண்டாம், நார் நீளம், சிக்கிக்கொள்ளும். மைதாவை விட்டுவிடுங்கள், மெதுவாகக் காயும்போது பூஞ்சைக்கு அதுதான் தீனி.

கேள்வி கேட்டவர்:
அடி வளைவதற்கு?

பதில் 1:
கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டில் அச்சிட்டால் அடிப்பக்கம் காய வழியில்லை. மேல்பக்கம் முந்திக்கொண்டு சுருங்கி இழுக்கிறது. வலைத்தட்டில் அச்சிட்டு, விளிம்பு கெட்டியானதும் கவிழ்த்து வையுங்கள். சாக்குத்தூளைக் கூட்டினால் சுருக்கம் குறையும், ஆனால் விளிம்பு உதிரும்.

பதில் 3:
அச்சு மை உள்ள காகிதக் கிண்ணத்தில் சாப்பாடு வேண்டவே வேண்டாம். செய்தித்தாளில் உணவு பொதிவதைப் பற்றி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) 2016-லேயே எச்சரித்தது. நீர்புகாமலிருக்கத் தேன்மெழுகு பூசுங்கள். வார்னிஷ் அடித்தால் மக்கும் பொருள் என்று சொல்ல முடியாது.