ஹெட்லைட் மங்குகிறது: இரண்டாவது பேட்டரியா, பெரிய ஆல்டர்னேட்டரா?

காட்பாடி_12இஞ்ச்:
பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். சப்வூஃபருக்கு (பேஸ் ஸ்பீக்கர்) 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) கிளாஸ் டி (கரண்ட்டை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப். பைபாஸில் ஓடும்போது பிரச்சினை இல்லை. இரவில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசியோடு நின்றால், ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஹெட்லைட் மங்குகிறது. கடையில் 1 ஃபாரட் கெபாசிட்டர் (கரண்ட்டைக் கொஞ்சமாகத் தேக்கி சட்டென்று தருவது) மாட்டச் சொல்கிறார்கள். நண்பர் டிக்கியில் இரண்டாவது பேட்டரி என்கிறார். எது சரி?

குடியாத்தம்_பேஸ்:
பேட்டரிதான் தம்பி. ஏஜிஎம் (ஆசிட் சிந்தாத, மூடிய வகை) வாங்குங்கள். பேஸ் அடிக்கிற நொடியில் பாயும் கரண்ட்டை பேட்டரிதான் சட்டென்று தரும். பாட்டு என்ன எந்நேரமும் முழு வாட்டிலா ஓடுகிறது? சராசரி மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம்.

ராணிப்பேட்டை_வயரிங்:
அண்ணா, கணக்கு போடுவோம். 80 சதவீதத் திறன் என்று வைத்தால், 1000 வாட் வெளியே வர 1250 வாட் உள்ளே போக வேண்டும். 14 வோல்ட்டில் கிட்டத்தட்ட 90 ஆம்பியர். சின்ன கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் சுற்றக் கரண்ட் தருவது) முழு அளவே அவ்வளவு வராது. அதுவும் வேகமாகச் சுற்றினால்தான். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அதையும் பிளோயர், ரேடியேட்டர் ஃபேன், லைட் எல்லாம் பங்கு போடும்.

இன்னொன்று. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட். ஆல்டர்னேட்டர் தருவது 14 வாக்கில். அந்த வோல்ட்டேஜ் சரிந்த பிறகுதான் பேட்டரி கைகொடுக்கும்; அதற்குள் லைட் மங்கியாயிற்று! சம்பளம் போதாதவன் இரண்டாவது பேங்க் கணக்கு திறந்து என்ன பயன்?

குடியாத்தம்_பேஸ்:
சேமிப்பே இல்லாதவனுக்குத் திடீரென்று ஆஸ்பத்திரி செலவு வந்தால் தெரியும்! சரி, பெரிய ஆல்டர்னேட்டர் எங்கே கிடைக்கும்? இந்த வண்டிக்கென்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்களா? வைண்டிங் மாற்றித் தருவார்கள். அப்படி மாற்றியதில் சிலது வேகத்தில் அள்ளிக் கொடுக்கும், ஐடிலில் பழையதைவிடக் குறைவாகத் தரும். இவருக்குப் பிரச்சினையே ஐடிலில்தான். போதாக்குறைக்கு நம் வேலூர் மே மாதம். பானெட்டுக்குள் சூடேறினால் ஆல்டர்னேட்டர் இன்னும் தளரும்.

ராணிப்பேட்டை_வயரிங்:
அந்தச் சூட்டில் பேட்டரி மட்டும் நீண்ட நாள் வாழுமா? இரண்டாவது பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றப்போவது அதே ஆல்டர்னேட்டர்தானே!

ஆற்காடு_எலக்ட்ரீஷியன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தக் கெபாசிட்டர் விஷயம். 14.4 வோல்ட்டிலிருந்து 12.5க்கு இறங்கும்போது 1 ஃபாரட் தருவது சுமார் 25 ஜூல். 1250 வாட் இழுத்தால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் காலி. 40 ஹெர்ட்ஸ் பேஸின் ஓர் அலைக்கே அது பற்றாது. வாங்காதீர்கள்.

தம்பி, ஐடிலில் ஏசி போட்டு, பாட்டை ஏற்றி, பேட்டரி டெர்மினலிலும் ஆம்ப் டெர்மினலிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

காட்பாடி_12இஞ்ச்:
பார்த்தேன். பேஸ் அடிக்கும்போது பேட்டரியில் 12.7, ஆம்பில் 11.6.

ராணிப்பேட்டை_வயரிங்:
12.7! ஆல்டர்னேட்டரின் 14 எங்கே போயிற்று? நான் சொன்னேனா இல்லையா?

ஆற்காடு_எலக்ட்ரீஷியன்:
சொன்னீர்கள். ஆனால் வழியிலேயே 1.1 வோல்ட் போகிறது, அதை யார் பார்ப்பது? ஒயர் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று சுரண்டிப் பாருங்கள் தம்பி. ஆம்புக்குத் தடிமனான சுத்தச் செம்பு ஒயர் இழுங்கள், எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு என்று மூன்று ஒயர்களையும் மாற்றுங்கள். மற்றதை விடச் செலவு குறைவு. அதன் பிறகும் ஐடிலில் 13க்குக் கீழே நின்றால் ராணிப்பேட்டைக்காரர் பக்கம் போங்கள், ஆனால் ஐடிலில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள்.

குடியாத்தம்_பேஸ்:
நான் ஏலகிரியில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்கிறவன். எனக்கு ஆல்டர்னேட்டர் என்ன செய்யும்?

ஆற்காடு_எலக்ட்ரீஷியன்:
உங்களுக்கு இரண்டாவது பேட்டரி சரிதான். நடுவில் ஐசோலேட்டர் (இன்ஜின் நின்றதும் இரண்டு பேட்டரியையும் பிரித்து வைப்பது) போடுங்கள், இல்லையென்றால் முன் பேட்டரியும் இறங்கி செல்ஃப் எடுக்காது. இரண்டு பேட்டரிக்கும் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், ஃபியூஸ் இருக்கட்டும்.